எது வரைக்கும் போச்சு

எந்தக் குறையைச் சொன்னாலும் அவரிடமிருந்து முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எது வரைக்கும் போச்சு?"

பதினொரு மணி டீ வரவில்லை என்றால் நாங்கள் கடைக்காரரைத் திட்டுவோம். அவர் திட்டமாட்டார். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, கல்லாவில் இருப்பவர் மாஸ்டரிடம் சொன்னாரா என்று மாடிப்படியில் இறங்கிக்கொண்டே கேட்பார். கீழே போய் ஒவ்வொருவரையும் வரிசையாக விசாரிப்பார். "கல்லா வரைக்கும் வந்துருக்குது. மாஸ்டர் கிட்ட போகல," என்று சொல்லிக்கொண்டே டீத்தட்டோடு திரும்புவார். அவருக்கு டீ கிடைத்ததைவிட, நின்றுபோன இடம் கிடைத்ததில்தான் திருப்தி என்று எனக்குத் தோன்றும்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த இன்டர்நெட் இணைப்பு அலுவலகத்தில் நான் நாலரை வருடம் புகார்ப் பதிவேடு எழுதினேன். யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு, எந்தத் தெரு, என்ன குறை, எப்போது சரியானது, காரணம் என்ன என்று ஆறு கட்டங்கள். அவர் அங்கே நெட்வொர்க் முழுவதையும் பார்த்துக்கொண்டார். எங்களுக்கு அவர் மேடம். பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடமாகிறது. கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையிலிருந்து டீ வராத நாட்களில் நாங்கள் மறுபடியும் கடைக்காரரைத் திட்டத் தொடங்கினோம்.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கலாம். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் அறுவடைக்குப் போன குடும்பம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். இவர் பாலிடெக்னிக் படித்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற ஆறு நாளும் எட்டே கால் பஸ். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் பார்க்கும்படி கட்டியிருப்பார். நின்றுகொண்டே வேலை செய்வார். நாற்காலியில் உட்கார்ந்தால் பிரச்சினை முடிந்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அவர் அதிகம் பயன்படுத்தியது டிரேஸ்ரூட் என்ற சின்னக் கருவி. கறுப்புத் திரையில் அந்தச் சொல்லையும் போய்ச் சேர வேண்டிய முகவரியையும் அடிப்பார். வரி வரியாக எண்கள் வரும். வழியில் இருக்கும் இயந்திரம் ஒன்றுக்கு ஒரு வரி. அந்த இயந்திரத்தின் முகவரியும், பதில் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரமும் அதில் இருக்கும். பதில் வராத இடத்தில் நட்சத்திரக் குறி விழும். நான் இதை மந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது எப்படி வேலை செய்கிறது என்பதை, வேறு ஒருவருக்கு அவர் சொல்லும்போது பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

அந்த வேறு ஒருவர், செக்குமேட்டிலிருந்து வீடியோவில் பட்டுச்சேலை காட்டி விற்கும் ஒரு பெண்மணி. சேலையை விரித்து முந்தானையைக் காட்டும் நேரத்தில் படம் உறைந்துவிடுகிறது என்று செவ்வாய்க்கிழமை நண்பகலில் கோபத்தோடு மாடியேறி வந்தார். எங்கள் கம்பெனி ஏமாற்றுகிறது என்றார். மேடம் அவரைத் தன் திரைக்கு முன்னால் நிற்க வைத்தார்.

"நான் டெய்லி வாலாஜாபாத்லருந்து பஸ்ல வரேன்மா. ஒரு ஆளுக்கு ஒரே ஒரு ஸ்டேஜுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்து ஏத்தி விடறேன்னு வச்சிக்கோங்க. அந்த ஸ்டாப்புல கண்டக்டர் எறக்கி விட்டுடுவாரு. அங்க இருக்கற கடைக்காரர் எனக்கு போன் போட்டு, உங்க ஆளு டிக்கெட் இங்க முடிஞ்சிடுச்சின்னு சொல்றாரு. அப்ப முதல் ஸ்டாப் எதுன்னு எனக்குத் தெரிஞ்சிடுதா. அடுத்து ஒரு ஆளு, ரெண்டு ஸ்டேஜ் டிக்கெட். அப்புறம் மூணு. இப்பிடியே காஞ்சிபுரம் வரைக்கும் அனுப்பினா, நடுவுல எத்தன ஸ்டாப், எங்க எவ்ளோ நேரம் ஆவுது, எல்லாம் வீட்ல இருந்துக்கினே எழுதிடலாம்."

"அத்தினி பேரையும் நடுவுல எறக்கி விட்டுட்டு இன்னாமா பண்ணுவே?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"அவங்க அதுக்குன்னே போனவங்கமா."

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். நான் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். உவமை பெரும்பாலும் சரிதான். இணையத்தில் அனுப்பும் எதுவும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும்; ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் ஓர் எண் இருக்கிறது. வழியில் உள்ள ஒவ்வொரு இயந்திரமும் அதில் ஒன்றைக் குறைத்துவிட்டு அடுத்த இயந்திரத்துக்குத் தள்ளும். எண் தீர்ந்துபோனால் அந்தப் பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு செய்தி அனுப்பும். வழி தவறிய பொட்டலம் காலமெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. டிரேஸ்ரூட் அதை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு தூரத்துக்கும் மும்மூன்று பொட்டலம் அனுப்பி, எங்கெங்கே இறந்தன என்ற செய்திகளைக் கோத்து வழியைக் காட்டுகிறது. சாவுச் செய்திகளால் வரையப்பட்ட வரைபடம் என்று நான் ஒருமுறை சொன்னேன். மேடம் முகம் சுளித்தார். "நல்லா இல்ல சார். பஸ்ஸே இருக்கட்டும்."

அந்தப் பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் தன் திரையிலிருந்தே போய் மேடம் போட்ட டிரேஸ்ரூட்டில், நான்காவது வரியில் மூன்று நட்சத்திரம் விழுந்திருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு ஊழியர், எங்களுக்கு மேலே இணைப்புத் தரும் கம்பெனியின் இயந்திரம் அது, அதுதான் கெட்டிருக்கிறது என்று சொல்லி, அவர்களைத் திட்டப் போனை எடுத்துவிட்டார். மேடம் போனை வாங்கி வைத்தார். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வரிகளில் பதில் வந்திருப்பதைக் காட்டினார். நாலாவது ஸ்டாப்பைத் தாண்டாமல் ஐந்தாவது ஸ்டாப்புக்கு யாரும் போக முடியாது. நாலாவது கடைக்காரருக்குப் போன் போடும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். சில இயந்திரங்களை அப்படித்தான் அமைத்து வைப்பார்கள்.

"பதில் சொல்லாதவங்க எல்லாம் வேலை செய்யாதவங்க இல்ல," என்றார்.

கடைசியில் குறை அந்தப் பெண்மணியின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சேலை அடுக்கும் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைஃபை பெட்டி. முதல் வரியிலேயே நேரம் எகிறியிருந்ததைப் பார்த்து மேடம் கண்டுபிடித்தார்.

இந்தக் குணம் அவருக்கு இயந்திரங்களோடு நிற்கவில்லை. அவருடைய அம்மாவின் பெயரில் வீட்டுமனைப் பட்டா கேட்டுக் கொடுத்த மனு, ஓர் அரசு அலுவலகத்தில் காணாமல் போனது. திரும்ப எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவர் எழுதவில்லை. மூன்று திங்கட்கிழமை விடுப்பு எடுத்தார். மனு வாங்கிய மேசையிலிருந்து தொடங்கி, "உங்ககிட்ட எந்தத் தேதி வந்துச்சி, யாருகிட்ட எந்தத் தேதி குடுத்தீங்க" என்று இரண்டே கேள்விகளை ஒவ்வொரு மேசையிலும் கேட்டார். கோபப்படவில்லை. நகரவும் இல்லை. ஒரு மேசைக்காரர் எதற்கும் வாயே திறக்காதவராம். அவரைத் தாண்டி அடுத்த மேசையில் போய், "அங்கருந்து வந்துச்சா" என்று கேட்க, வந்திருந்தது. ஐந்தாவது மேசையில், பழைய வாக்காளர் பட்டியல் கட்டுக்கு அடியில் மனு கிடைத்தது. தேதிகளை எழுதிய தாளை என்னிடம் காட்டினார். தேதி எழுதும் பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் அதைக் கவனமாகப் பார்த்தேன். வாயே திறக்காத மேசைக்காரர்தான் காகிதத்தை மிக வேகமாக நகர்த்தியிருந்தார். ஒரே நாள்.

இவ்வளவையும் சொல்லி தவறே செய்யாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டால், அது அவருக்கே பிடிக்காது. பங்குனித் தேர் நடந்த அந்த இரண்டு நாட்களைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் கம்பி கட்டுபவர் பஞ்சாங்கம் பார்க்காமல் கட்ட முடியாது. மாசியில் ஒரு தேர், பங்குனியில் ஒன்று, வைகாசியில் ஒன்று. தேர் வரும் வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். வீதியின் குறுக்கே போகும் எல்லாக் கம்பிகளையும் இறக்கிவிட வேண்டும். தேர் போனதும் மறுபடி ஏற்ற வேண்டும். பிள்ளையார்பாளையத்துக்குப் போகும் எங்கள் ஃபைபர் லைன் மேற்கு ராஜ வீதியைக் கடக்கிறது. அதை வெட்டி இறக்குவதும், மறுபடி ஏற்றி ஒட்டுவதும் லைன்மேன் குமரேசன் வேலை. ஐம்பதை நெருங்கியவர், கோபுரத்து உச்சியில் விட்டாலும் ஏணி கேட்காதவர். மேடம் அவரை அண்ணே என்பார், அவர் மேடம் என்பார்.

லைன் இறங்கியிருக்கும் நேரத்தில் பிள்ளையார்பாளையத்து வீடுகளுக்கு இணைப்பு போகாமல் இருக்கக் கூடாது என்று மேடம் ஒரு மாற்று வழி வைத்திருந்தார். தெற்கே ஓரிக்கையில் எங்களுக்கு ஓர் இயந்திரம் உண்டு. அலுவலகத்திலிருந்து ஓரிக்கை, ஓரிக்கையிலிருந்து பிள்ளையார்பாளையம். அந்த வழி ராஜ வீதிகளைத் தொடாது. தேருக்கு முன்னால் அலுவலகம், ஓரிக்கை, பிள்ளையார்பாளையம் ஆகிய மூன்று இடத்து இயந்திரங்களிலும் வழியை மாற்றி எழுத வேண்டும். தேர் போனதும் மூன்றையும் பழையபடி ஆக்க வேண்டும். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் மூன்று பெயரையும் எழுதி, ஒவ்வொன்றாக முடித்து டிக் போடுவார். தாள் கொடுப்பது நான்.

அந்த வருடம் ஏகாம்பரநாதர் தேர் மாலை நாலு மணிக்கு எங்கள் லைன் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியது. குமரேசன் வீதியிலிருந்து போன் செய்தார். மேடம் முதல் காரியமாக அலுவலக இயந்திரத்தில் பழைய வழியை எழுதி டிக் போட்டார். இரண்டாவதுக்குப் போவதற்குள் மறுபடி போன். மூலையில் திரும்பும்போது தேரின் சக்கரம் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. பின்னால் இழுத்து நேராக்கினால்தான் திருப்ப முடியும், பின்னால் இழுத்தால் தேர் எங்கள் லைனுக்கு நேர் கீழே வந்துவிடும். நாளைக் காலை மறுபடி வடம் பிடிக்கும் வரை யாரும் கம்பி ஏற்றக் கூடாது என்று காவலர்கள் சொல்லிவிட்டார்கள். மேடம் அலுவலக இயந்திரத்தைத் திரும்பவும் மாற்று வழிக்கே கொண்டுபோனார். தாளில் போட்ட டிக் மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

மறுநாள் பத்தரை மணிக்குத் தேர் நிலைக்கு வந்தது. குமரேசன் லைனை ஏற்றினார், ஒட்டினார், ஃபைபருக்குள் வெளிச்சம் சரியாக வருகிறதா என்று மீட்டரில் அளந்தார், போன் செய்தார். மேடம் தாளை எடுத்தார். முதல் பெயரில் டிக் இருந்தது. மற்ற இரண்டையும் முடித்தார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் இயந்திரம் இருக்கும் தெருப் பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் வந்தது. பெட்டியோடு நிறுத்திக்கொண்டார். வீடு வரை போய்ப் பார்க்கவில்லை.

பதினொன்றே காலுக்கு முதல் புகார். பன்னிரண்டுக்குள் என் பதிவேட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. எல்லாம் பிள்ளையார்பாளையம்.

முதலாளிக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. போன மாசித் தேருக்குப் பிறகு குமரேசன் ஒட்டிய ஒட்டு ஒன்று உண்மையிலேயே விட்டுப்போயிருந்தது. இது இரண்டாவது முறை என்றார். லைனை வெட்டி மறுபடி ஒட்டச் சொல்லிப் போனில் உத்தரவு போட்டார், அப்படியும் இணைப்பு வராததால் இன்னொரு முறையும் வெட்டச் சொன்னார். வேலை முடிந்ததும் ஒட்டும் மெஷினை ஆபீசில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், நாளையிலிருந்து வர வேண்டாம், வெளியூர் ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். குமரேசன் ஓட்டும் கம்பெனி பைக்கின் சாவியை அப்போதே ஆள் அனுப்பி வாங்கித் தன் மேசை மேல் வைத்துக்கொண்டார்.

மேடம் புகார் சொன்னவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்துதான் எப்போதும் தொடங்குவார். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பிள்ளையார்பாளையம் வந்தார். சேலைக்கு டிசைன் போடும் ஒருவருடைய வீடு. வீட்டின் பின்கட்டில் தறி, முன்அறையில் கம்ப்யூட்டர். தறிக்கு டிசைனைத் துளைகளாகச் சொல்லும் ஜக்கார்டு அட்டையைக் குத்துபவருக்கு அன்று படம் அனுப்பியாக வேண்டும், பாவு நூல் ஏற்றிய தறி அட்டைக்காக நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். மேடம் நின்றுகொண்டே அடித்தார். முதல் வரியில் தெருப் பெட்டி பதில் சொன்னது. இரண்டாவது வரியில் மூன்று நட்சத்திரம். மூன்றாவதில் மூன்று. அப்படியே முப்பதாவது வரி வரை வெறும் நட்சத்திரங்கள்.

அடுத்த தெருவில்தான் முதலாளி வீடு. அவரும் வந்துவிட்டார். திரையை எட்டிப் பார்த்தார்.

"பெட்டி பேசுது. அதுக்கு அடுத்தது நம்ம ஆபீஸ். நடுவுல இருக்கறது ஒரே ஒரு லைன். அதக் கட்டினது யாருமா?"

"நட்சத்திரத்த வச்சி ஒருத்தர வேலைய விட்டு அனுப்ப முடியாது சார்."

"நீதானமா சொல்லுவே, பதில் எங்க நிக்குதோ அங்க பாருன்னு. உன் மெஷினே சொல்லுதே."

"பதில் வரலன்னுதான் சொல்லுது. போவலன்னு சொல்லல. இன்னொரு பக்கத்துலருந்து பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்து, இதுதான் மேடம் என்பதுபோலக் கையை விரித்தார்.

திரும்பும் வழியில் மேற்கு ராஜ வீதியில் நிறுத்தச் சொன்னார். தேர் போன தடத்தில் சக்கரத்துக்குப் போட்ட கட்டைகளும் வாழைச் சருகும் கிடந்தன. குமரேசன் கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். மேடம் கேட்டதும் மீட்டரைக் கீழே நீட்டினார். வெளிச்சம் நன்றாக இருந்தது.

"இனிமே வெட்டாதீங்கண்ணே."

"மொதலாளி வெட்டச் சொன்னாரு மேடம். மூணாவது தபா வெட்றேன்," என்று சொல்லிவிட்டு, கண்ணை எங்கள் பக்கம் திருப்பாமல் ஃபைபரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்கு வந்ததும் மேடம், டிசைன் போடுபவருடைய வீட்டு முகவரிக்கு, இந்த முனையிலிருந்து டிரேஸ்ரூட் போட்டார். நான் பின்னால் நின்று பார்த்தேன். முதல் வரி எங்கள் அலுவலக இயந்திரம். இரண்டாவது ஓரிக்கை. மூன்றாவது மறுபடியும் அலுவலகம். நான்காவது ஓரிக்கை. அலுவலகம், ஓரிக்கை, அலுவலகம், ஓரிக்கை என்று முப்பது வரி. முப்பதில் கருவி தானாக நின்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு ஐந்தாவது வரியிலேயே புரிந்திருக்க வேண்டும். முப்பது வரையும் பார்த்துவிட்டுத்தான் பேசினார். பிள்ளையார்பாளையத்துக்குப் போக வேண்டியதை எல்லாம் அலுவலகம் இன்னும் ஓரிக்கைக்கே அனுப்புகிறது. ஓரிக்கையில் மாற்று வழியை எடுத்தாகிவிட்டது. அதனால் தனக்குத் தெரியாததை எல்லாம் அது அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. எண் தீரும்வரை இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்து பொட்டலம் செத்துப்போகிறது. டிசைன் போடுபவர் வீட்டிலிருந்து கிளம்பியது குமரேசன் கட்டிய லைன் வழியாக ஒழுங்காக அலுவலகம் வந்து சேர்ந்தது. அலுவலகம் எழுதிய பதில்தான் வீடு திரும்ப வழியில்லாமல் ஓரிக்கைச் சுற்றில் மாட்டிக்கொண்டது. அங்கே தெரிந்த நட்சத்திரம் எல்லாம் வழியில் செத்த பதில்கள்.

தாளை எடுத்துப் பார்த்தார். "என் டிக்குதான் சார்," என்றார்.

அழிக்க வேண்டியது, அலுவலக இயந்திரத்தில் ஓரிக்கைக்கு அனுப்பச் சொல்லும் ஒரே ஒரு வரி. விரல் விசைப்பலகை மேல் இருந்தது. எடுத்துவிட்டார். குமரேசன் மூன்றாவது ஒட்டை முடிக்கும் நேரம். இப்போது வரியை அழித்தால் எல்லா வீட்டிலும் இணைப்பு வந்துவிடும், ஒட்டு சரியாகிவிட்டது, அதனால்தான் வந்தது என்றுதான் ஊர் பேசும், முதலாளியும் அதைத்தான் நம்புவார் என்றார். இரண்டு பேரையும் போன் செய்து வரச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். அவர்கள் வருவதற்குள் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார். தன் பெயரையே எழுதச் சொன்னார். அன்றைய புகார் அத்தனைக்கும் நேராக அந்தப் பெயரை எழுதினேன்.

இருபது நிமிடம் ஆனது. அதற்குள் டிசைன் போடுபவர் இரண்டு முறை போன் செய்தார். தறி நிற்கிறது என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னேன். சரி செய்யத் தெரிந்தும் சரி செய்யாமல் ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அது சரியா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவரிடம் கேட்டேன். "தப்புதான் சார். அதையும் அந்தக் கட்டத்துல எழுதிக்கோங்க," என்றார்.

முதலாளி வந்து திரையைப் பார்த்தார். அவரும் தொழில் தெரிந்தவர், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சரிமா. எடுத்து வுட்டுடு. லைன்ல பிரச்சன, சரி பண்ணிட்டோம்னு சொல்லிக்கலாம். வீட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் புரியப் போவுதா. உன்ன யாரு இன்னா கேக்கப் போறாங்க."

"யாரும் கேக்க மாட்டாங்க. அண்ணனக் கேட்டுட்டீங்களே சார்."

குமரேசன் அப்போதுதான் மாடியேறி வந்தார். ஒட்டும் மெஷின் பெட்டியை மேசை மேல் வைத்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல், "மூணு தபாவும் மீட்டர் நல்லாத்தான் காட்டுச்சி. எங்கயோ என் கைதான் தப்பு பண்ணிக்கினு இருக்குது. வயசாயிடுச்சி மேடம்," என்றார்.

மேடம் அதை எதிர்பார்க்கவில்லை. தன் தவறு என்று சொல்ல வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தவர், அதை அப்படியே விட்டுவிட்டார். பிறகு குமரேசனைத் திரைக்கு முன்னால் கூட்டிப் போய், முப்பது வரியையும் விரல் வைத்துக் காட்டினார். டிக் போட்ட தாளைக் கையில் கொடுத்தார்.

"நான் முடிக்காதத முடிச்சிட்டேன்னு நெனச்சிட்டேண்ணே. உங்க லைன்ல காலையிலருந்து எல்லாம் போயிக்கினுதான் இருக்குது. மீட்டர் சொன்னா மீட்டர நம்புங்க. நான் எதிர்த்துச் சொன்னாலும் நம்பாதீங்க."

குமரேசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி மேசை மேல் இருந்த பைக் சாவியை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார். சாவி மேசை விளிம்பில் வந்து நின்றது. குமரேசன் எடுக்கவில்லை. முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே வேலூர் பஸ்காரர் ஆள் கூப்பிடும் குரல் கேட்டது. போன் மறுபடி அடித்தது, நான் எடுக்கவில்லை.

"சொல்லுங்க சார்," என்றார் மேடம்.

"இன்னாத்தமா சொல்றது. சாவியத்தான் குடுத்துட்டேனே."

மேடம் உட்காரவில்லை. போன் அடித்து ஓய்ந்தது.

முதலாளி எழுந்து நின்றார். "லைன் சரியாத்தான் கட்டியிருக்கே குமரேசா. நான்தான் பாக்காம பேசிட்டேன். நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

"வரேன் சார்," என்று குமரேசன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மெஷின் பெட்டியையும் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

மேடம் விசைப்பலகைக்குத் திரும்பி அந்த ஒரு வரியை அழித்தார். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதல் பெயரிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, லைனில் குறை இல்லை, தவறு தன்னுடையது என்று நின்றபடியே சொல்லத் தொடங்கினார்.